முன்பக்கக் கீறல்கள்

மார்ச் 4

வாலு,

பெட்டியைத் திறந்ததும் ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்த காகிதத்தை ஏதோ அளவுச்சீட்டு என்று ஓரமாகப் போட்டுவிடாதே. எழுதுவது உன் அண்ணன்தான். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

என் வேலை உனக்குத் தெரியும். முன்னறையில் டாக்டர்கள் குழந்தைகளைப் பார்ப்பார்கள். பின்னறையில் இருக்கும் எனக்கு வருவது அவர்கள் தலையை அச்செடுத்த வெறும் பிளாஸ்டர் தலைகள், தலைக்கு ஒரு நம்பர். அதன் மேல் ஃபோமையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிப் படியவைத்து, வெட்டி, ராவி, ஓரத்தை மழுக்கி, தட்டைத் தலையை உருண்டையாக்குகிற ஹெல்மெட்டாக அனுப்பிவிடுவேன். பதினொரு வருஷத்தில் ஒரு தலைக்குரிய முகத்தையும் நான் பார்த்ததில்லை. போன வாரம் 318 வந்தது. பின்னந்தலையில் வலப்பக்கம் தட்டை, வலது காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. வழக்கம்போல் படிவத்தைப் புரட்டினேன். தாய் பெயர் என்ற இடத்தில் உன் பெயர். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் நடந்ததைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. வேலையைப் பற்றி எழுதுகிறேன், அது வரும். முதல் வாரம் தலை நன்றாக வேர்க்கும், பயப்படாதே. குளிப்பாட்டித் துடைக்கிற ஒரு மணி நேரம் போக மற்ற நேரமெல்லாம் தலையில் இருக்க வேண்டும். தூங்கும்போது எப்போதும்போல் மல்லாக்கத்தான். விழித்திருக்கும்போது குப்புறப் போடு, பக்கத்திலேயே இரு. ஓரங்களை ஒரு முறை மழுக்குவதுதான் வழக்கம். இதை மூன்று முறை மழுக்கியிருக்கிறேன்.

அண்ணன்

---

மார்ச் 14

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும் என்றுதான் இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

இப்போது சந்தோஷமா? உன் வாய் பலித்துவிட்டது. பொடிசு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் மாமியார் வீட்டார் மொத்தப் பேரும் அவளைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அவளைக் கையில் வாங்கினாய். ஏதோ கடையில் காய் வாங்குகிற மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இந்தத் தலை என் மேசைக்குத்தான் வரப்போகுது, எழுதி வச்சுக்க" என்றாய். சிரிக்க வேறு செய்தாய். முதல் மருமகளைப் பார்க்க வந்த தாய்மாமன் பேசுகிற பேச்சா இது? உன்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். இன்றைக்கும் சாத்துவேன்.

நேற்று பஸ்ஸில் ஒரு பெரியவர், "ஏம்மா, பச்சப் புள்ளைய பைக்லயா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அவள் மட்டும் எல்லோரையும் பார்த்துத் தானும் சிரித்தாள். நான் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டேன்.

ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை. போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டாலே அந்த வாக்கியம்தான் கேட்கும். எழுது. எழுத்தில் உன் வாய்க்கொழுப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

---

மார்ச் 20

வாலு,

மூன்று வரி எழுதினாலே போதும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் திட்டியிருக்கிறாய். அடுத்த முறை இரண்டு பக்கம் திட்டு, தாங்குவேன்.

ஆனால் ஒன்று. நான் சொன்னது பொய்யில்லை. சொன்ன இடம்தான் தப்பு. பிளாஸ்டர் தலைகளோடேயே பேசிப் பழகிவிட்டேன், அவற்றுக்குக் கோபம் வராது.

குப்புறப் போடுகிறாயா? போன கடிதத்தில் அதற்கு நீ பதிலே எழுதவில்லை. ஹெல்மெட் தலையின் வடிவத்தைத்தான் பார்த்துக்கொள்ளும். கழுத்துக்கும் தோளுக்கும் கைக்கும் பலம் வருவது தரையில்தான். எங்கள் பிசியோ அம்மா முன்னறையில் கத்துவது பின்னறை வரை கேட்கும்: "மல்லாக்கவே கெடந்தா எப்படிம்மா தவழும்?" ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காதில் விழும்.

அண்ணன்

---

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

சொன்ன இடம்தான் தப்பாம். நல்ல மன்னிப்பு! ஃபிரேம் போட்டு மாட்டுகிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்கள் ஊருக்கு வருகிறாரே அளவு அக்கா, அவரோடு இந்த முறை உங்கள் பிசியோ அம்மாவும் வந்தார். பொடிசைக் குப்புறப் போட்டார். அவள் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அழுதாள். தலையை ஒரு விரல்கடை தூக்கினாள், தொப்பென்று விழுந்தது. ஹெல்மெட் தரையில் பட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஆறு மாதம் ஆகப்போகிறது, இந்நேரம் முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டுமாம். மே 21 மறுபடி பார்ப்பார்களாம். அதற்குள் தலையை நிமிர்த்தி, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்காவிட்டால் நரம்பு டாக்டரிடம் அனுப்புவார்களாம். "பயப்படாதீங்க, சும்மா ஒரு பரிசோதனைதான்" என்றார். பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும்.

தினமும் ஐந்து வேளை குப்புறப் போடுகிறேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறது. அதற்காக ஹெல்மெட்டை அளவு அக்கா கொண்டுவருகிறார். இரண்டு நாளில் திரும்ப வேண்டுமாம். நீதான் சரிசெய்வாய் என்றால் சரியாகச் செய்.

---

ஏப்ரல் 4

வாலு,

காதுக்குப் பின்னால் ஃபோமை இரண்டு மில்லி ராவிவிட்டேன். இனி சிவக்காது. இப்போது வேறு விஷயம்.

நான் குழந்தைகளைப் பார்ப்பதில்லை, ஆனால் திரும்பி வருகிற ஹெல்மெட்டைப் பார்ப்பேன். மல்லாக்கக் கிடக்கிற குழந்தைக்குப் பின்பக்கம் தேயும். உருள ஆரம்பித்தால் பக்கவாட்டில் கோடு விழும். குப்புறப் படுக்கிற குழந்தைக்கு நெற்றி ஓரம் போய்விடும். முதல் மாதம் அது தலையைத் தூக்குவதைவிடத் தரையில் முட்டுவதுதான் அதிகம். பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன், இதில் நான் ஏமாந்ததில்லை.

318 பின்பக்கம் முழுக்கக் கீறல். முன்பக்கம் நெற்றி ஓரத்தில் ஒன்றிரண்டு கீறல் தவிர நான் துணியால் தேய்த்த பளபளப்பு அப்படியே இருக்கிறது. என் கட்டைவிரல் ரேகைகூட இருக்கிறது.

ஐந்து வேளையா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்? ஒரு வேளைகூட நீ அவளைக் குப்புறப் போடவில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மே 21க்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை. என்ன நடக்கிறது அங்கே?

அண்ணன்

---

ஏப்ரல் 9

அண்ணா,

"ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் போடுகிறேன், அதனால்தான் கீறல் இல்லை" என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். நல்ல பொய். நீயே நம்பியிருப்பாய். எழுத முடியவில்லை.

ஆமாம். போடவில்லை. முதல் நாள் போட்டேன். அழுதாள், தூக்கிவிட்டேன். இரண்டாம் நாள் அழுவதற்கு முன்னாலேயே தூக்கிவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து பாயை விரிக்கவே இல்லை. கேட்பவர்களிடமெல்லாம் ஐந்து வேளை என்றேன். அவள் அப்பாவிடமும் அப்படியே. அவர் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துவிட்டுக் களைத்துப்போய் வருகிறார், வந்ததும் "இன்னைக்கு எத்தனை வேளை?" என்று கேட்கிறார். வாய் கூசாமல் சொல்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். உன்னிடம்தான் சொல்ல முடியும், அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அவள் பிறந்த இருபதாம் நாளே நான் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடை, நூற்றைம்பது சட்டை, தவணை தள்ள முடியாது. அவளுடைய கட்டில் மெஷினுக்கு இடப்பக்கம். அவள் வலப்பக்கம் திரும்பினால் நான் தெரிவேன், சக்கரம் சுற்றுவது தெரியும். அப்படியே பார்த்துக்கொண்டு கிடப்பாள். தூங்கும்போதும் அந்தப் பக்கமே. "எவ்வளவு சமத்து, அம்மாவைத் தொந்தரவே பண்றதில்ல" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்துத் தசை அந்தப் பக்கமே இறுகிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

என்னைப் பார்த்துப் பார்த்தேதான் அண்ணா அவள் தலை தட்டையாயிற்று. நீ அன்றைக்குச் சொன்னபோது கோபம் வந்தது பொய்யில்லை. ஆனால் நீ சொல்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே குளிப்பாட்டும்போது என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்தேன். நீ போட்டு உடைத்தாய், கதவைச் சாத்தினேன். அவளைக் குப்புறப் போட்டு அவள் அழுதால், இன்னும் ஒரு முறை நான்தான் அவளை வதைக்கிறேன் என்று தோன்றுகிறது.

அந்த ஹெல்மெட் வேறு கனமாக இருக்கிறது. அந்தப் பிஞ்சுக் கழுத்து எப்படித் தாங்கும்?

---

ஏப்ரல் 13

வாலுக்குட்டி,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பிடவில்லை.

முதலில் டிசம்பர். சொன்ன இடம் தப்பு என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. சொன்னதே தப்பு. உன் கையில் இருந்தது குழந்தை, நான் பார்த்தது வேலை. உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கழுத்து ஒரு பக்கமே போகுதும்மா, டாக்டர்கிட்ட காட்டலாமா, நானும் வர்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் காட்டியிருந்தால் ஹெல்மெட்டே தேவைப்படாமல் போயிருக்கலாம். நான் சிரித்ததால் நீ மூன்று மாதம் யாரிடமும் காட்டவில்லை. அந்த மூன்று மாதம் என் கணக்கில். நீ எடுத்துக்கொள்ளாதே. மன்னித்துக்கொள். இதை ஃபிரேம் போடத் தேவையில்லை.

இரண்டாவது, கனம். உன் பெரிய கத்தரிக்கோலையும் ஹெல்மெட்டையும் தராசில் வைத்துப் பார். கத்தரிக்கோல்தான் கனமாக இருக்கும், பந்தயம். ஆனாலும் உனக்காக ஒரு சோதனை செய்தேன். என் எடைக்கு ஏற்ற மாதிரி ஒரு மணல் மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பட்டறைத் தரையில் குப்புறப் படுத்தேன். ஒரு நிமிஷம் தாங்கியது. இரண்டாம் நிமிஷம் மூக்கு தரையில். நம்ம பிளாஸ்டர் கலக்குகிறவர் உள்ளே வந்து, "என்னப்பா, வேலை போயிடுச்சா?" என்றார். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் முறை இரண்டரை நிமிஷம் தூக்கினேன். நாற்பது வயசுக் கழுத்துக்கே வருகிறது, அவளுக்கு வராதா?

மூன்றாவது, தரையில் தொடங்காதே. பிசியோ அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டேன். பதினொரு வருஷத்தில் முன்னறைக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். நீ சாய்ந்து படுத்து உன் நெஞ்சின் மேல் அவளைக் குப்புறப் போட்டுக்கொள். உன் முகம் தெரிந்தால் தலை தூக்குவாள். அது பழகியதும் மடியில் குறுக்காக. பிறகு பாய், நெஞ்சுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. பால் குடித்த உடனே வேண்டாம். ஒரு நிமிஷம் போதும், அழுவதற்கு முன்னால் எடுத்துவிடு. ஆனால் நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. நீ செய்தது முழுத் தப்பில்லை, மறுபடி போடாமல் விட்டதுதான் தப்பு.

கடைசியாக, அவள் உன்னைப் பார்த்துத் தட்டையானாள் என்கிறாய். சரி. அப்படியென்றால் அவளுக்கு எதைப் பார்க்கப் பிடிக்கும் என்று உலகத்திலேயே உனக்குத்தான் தெரியும். பிசியோ அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அண்ணன்

---

ஏப்ரல் 29

அண்ணா,

கத்தரிக்கோல்தான் கனம். தோற்றேன்.

முதலில் அவள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, தரையில் படுத்து, "கொண்டா அவளை" என்றார். அவர் நெஞ்சின் மேல் அவள் முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் கவிழ்ந்தாள். மூன்றாம் நாள் இருபத்தைந்து. அவர் மீசையைப் பிடிக்க வேண்டும் என்று எழும்புகிறாள்! மீசைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் பாயில் போட்டால் பழைய குருடி கதைதான். கிலுகிலுப்பை, கண்ணாடி, சிவப்புப் பந்து, எதையும் பார்க்கவில்லை. கன்னத்தைப் பாயில் வைத்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு முனகினாள். எந்தப் பக்கம் தெரியுமா? மெஷின் பக்கம். அப்போதுதான் உன் கடைசி வரி மண்டையில் உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவரும் நானுமாக மெஷினை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தரைக்கு இறக்கினோம். ஊசியை எடுத்துவிட்டேன், பெல்ட்டையும் கழற்றினேன். அவள் முகத்துக்கு நேரே இரண்டு முழம் தள்ளி வைத்தேன். நானும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். டகடகடக.

அண்ணா! தலை எழும்பியது. மூக்கு, வாய், முகவாய் எல்லாம் பாயை விட்டு மேலே வந்தது. கழுத்து ஆடுகிறது, ஹெல்மெட் ஆடுகிறது, ஆனால் கண் சக்கரத்தை விடவில்லை. நான் நிறுத்தினேன், டக்கென்று நெற்றி கீழே விழுந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி எழும்பியது. அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். பஸ்ஸைப் பிரித்துப் போடுகிற ஆள்!

இப்போது தினமும் மெஷினை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வைக்கிறேன். இடப்பக்கம் திரும்பவே மாட்டாள் என்றார்களே, திரும்புகிறாள். முணுமுணுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டு திரும்புகிறாள். உன் மருமகள்தானே, வாய் சும்மா இருக்குமா.

சட்டை தைக்கிற வேலை கொஞ்சம் பின்தங்கிவிட்டது. மெஷின் பாதி நாள் அவளுடையது.

---

மே 3

வாலு,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டாய். பிளாஸ்டர் கலக்குகிறவர், "டகடகடக வர்ற இடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். பிசியோ அம்மா பின்னறைக்கே வந்து கேட்டுவிட்டு, "தையல் மெஷின்! இத்தனை வருஷத்துல எனக்குத் தோணலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் மணல் மூட்டையோடு படுக்கிறேன். நாலு நிமிஷம். அவளும் நானும் யார் முதலில் கை ஊன்றி எழுகிறோம் என்று பார்ப்போம்.

அண்ணன்

---

மே 21

அண்ணா,

நீ தோற்றாய்.

எங்கள் ஊரில் எப்போதும் பார்க்கிற அதே அறைதான், இந்த முறை டாக்டரும் வந்திருந்தார். மெஷினைக் கொண்டுபோக முடியுமா? வெறும் நூல்கண்டை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பிசியோ அம்மா மெத்தையில் குப்புறப் போட்டார். பொடிசு கன்னத்தை மெத்தையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். ஒரு நொடி, இரண்டு நொடி. அவள் அப்பா என் கையைப் பிடித்தார், வலித்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்தேன். புடவையாவது ஒன்றாவது. "டகடகடக" என்று வாயால் சொன்னேன். அங்கே இருந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தலை எழும்பியது. முழங்கை ஊன்றியது. அப்புறம் ஒரு கை நீண்டது, இன்னொரு கை நீண்டது, நெஞ்சு மெத்தையை விட்டு எழுந்தது. நேராக என் முகத்தைப் பார்த்தாள். அதோடு விட்டாளா? இடப்பக்கம் திரும்பி டாக்டரையும் பார்த்தாள், யாரிது என்கிற மாதிரி. திரும்பின வேகத்தில் உருண்டு மல்லாந்து விழுந்து தானே சிரித்தாள்.

நரம்பு டாக்டர் தேவையில்லை! டாக்டர் அங்கே அனுப்ப எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். தலை அளவும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டதாம். பஸ்ஸில் யாரோ, "பாப்பாவுக்கு எதுக்கு ஹெல்மெட்?" என்று கேட்டார்கள். "வேலை பார்க்கிறா, கழுத்தால" என்றேன். எங்கள் ஸ்டாப்பில்தான் இறங்கினேன்.

---

ஆகஸ்ட் 17

அண்ணா,

பார்சலைத் திற. ஹெல்மெட் முழுசாக உனக்கே. நேற்றோடு முடிந்தது, இனிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலை எப்படியிருக்கிறது என்று நான் எழுதமாட்டேன். நீ ஹெல்மெட் படிக்கிற பெரிய படிப்பாளியாயிற்றே, இந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று படித்துச் சொல் பார்க்கலாம்.

---

ஆகஸ்ட் 21

வாலு,

மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பின்பக்கம்: புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. மல்லாக்கப் படுக்கச் சொன்னால் அடிக்க வருவாள் போலிருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு புறமும் கோடுகள், ஜூன் மாதம் முழுக்க உருண்டிருக்கிறாள். இடப்பக்கம்தான் அதிகம், பலே. வாரின் நுனியில் நாலு பல் தடம். நாலா வந்துவிட்டது? வலது மேல் ஓரத்தில் கறுப்பு எண்ணெய். அது மெஷின் எண்ணெய், எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் புகுந்திருக்கிறாள், உச்சியில் மரச்சிராய் ஒட்டியிருக்கிறது.

முன்பக்கம்! என்னத்தைச் சொல்வேன். நான் தேய்த்த பளபளப்பு துளிகூட இல்லை. கட்டைவிரல் ரேகை போன இடம் தெரியவில்லை. இப்படி ஒரு நெற்றி ஓரத்தை இந்தப் பட்டறை பார்த்ததே இல்லை என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தவழ்கிறாள். சும்மா தவழவில்லை, முட்டிக்கொண்டு தவழ்கிறாள். சரிதானே?

ஒன்று மட்டும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வது பொய், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நெற்றியின் நடுவில் பச்சைப் பெயின்ட். ஒரு முறை பட்டதல்ல, திரும்பத் திரும்பப் பட்டது. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். டிசம்பரில் என் மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளி அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அண்ணன்

---

ஆகஸ்ட் 25

அண்ணா,

எல்லாம் சரி. பல் மட்டும் ஐந்து. ஒன்று பின்னால் வந்தது, கடிக்க ஹெல்மெட் இல்லை.

பச்சை எங்கள் வாசல் கதவுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே ஒருவருக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பாயில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தால் காணோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்தைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, வாசல் கதவுக்கு முன்னால் நாலு காலில் நிற்கிறாள். அவ்வளவு தூரம் அதற்கு முன்னால் அவள் போனதே இல்லை. கதவு சாத்தியிருந்தது. தலையால் முட்டினாள், டொம். பின்னால் வந்தாள். மறுபடி, டொம். அழவில்லை. கதவு வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"ஹெல்மெட் இருக்கு, ஒண்ணும் ஆகாது, விடு" என்றார் அவள் அப்பா. ஆறு முறை முட்டினாள். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய்த் திறந்தேன். நான் உன்னை நிறுத்தின அதே படியில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்த்துக் கைதட்டினாள். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். என் தலைக்கனத்துக்கு எந்த ஹெல்மெட்டும் கிடையாது, ஒரு மாதம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வா. ஹெல்மெட்டைக் கையோடு எடுத்து வா, அவள் அதைத் தேடுகிறாள். தலையை நீயே கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல், மாமியார் வீட்டார் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் வந்து தட்டிக்கொண்டு நிற்காதே. அவள் உனக்காக ஏற்கெனவே தட்டியாயிற்று.

உன் தங்கை